பழைய விளையாட்டு, புதிய உறை: மறுவெளியீட்டில் கிடைத்ததும் தொலைந்ததும்

சென்ற மாதம் சித்தியின் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு வயது 12. கையில் பிறந்தநாளுக்குக் கிடைத்த காசு இருந்தது. கணினித் திரையில் ஒரு விளையாட்டின் படத்தைக் காட்டினான்.

"அக்கா, இது 1999இல வந்ததாம். இப்பவும் விக்கிறாங்கள். பழசைத்தானே புதுசெண்டு விக்கிறாங்கள்? இதை வாங்கிறது மடைத்தனமோ?"

அந்த விளையாட்டு 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2'. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஒரு வரியில் பதில் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. அதனால் அவனுக்கும், அவனைப் போன்ற உங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அண்ணாவின் இறுவட்டு

என் பெரியம்மாவின் மகன், நாங்கள் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவர், 13 வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தார். நான் இங்கேயே பிறந்தவள். அவர் வந்த அடுத்த ஆண்டு வீட்டுக்கு ஒரு கணினி வந்தது. அதோடு இந்த விளையாட்டின் இறுவட்டும் வந்தது.

அவருக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது. பள்ளியில் அதிகம் பேசமாட்டார். ஆனால் இந்த விளையாட்டில் மொழி பெரிய தடையாக இருக்கவில்லை. மரம் வெட்ட வேண்டும், வயல் செய்ய வேண்டும், மதில் கட்ட வேண்டும், எதிரி வந்தால் காக்க வேண்டும். நான் அவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் வேலை ஆடுகளைக் கண்டுபிடித்துச் சொல்வது.

விளையாட்டோடு ஒரு வரைபடத் தொகுப்பியும் வந்தது. நாங்களே நிலம், நீர், மரம், வீடு வைத்து ஓர் ஊரை உருவாக்கலாம். அண்ணா பல வாரம் இருந்து ஒரு வரைபடம் செய்தார். கடல்நீரேரி, அதன் கரையில் பனைக்குப் பதிலாகக் கிடைத்த ஏதோ ஒரு மரம், நடுவில் ஒரு தெரு, தெருமுனையில் ஒரு கோயில். "இது என்ன இடம்?" என்று கேட்டேன். "எங்கட ஊர்" என்றார். நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அதை முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான்.

சில ஆண்டுகளில் அந்தக் கணினி பழுதானது. குப்பை எடுக்கும் நாளில் வாசலில் வைத்துவிட்டார்கள். வரைபடம் அதற்குள்ளேயே போனது. இறுவட்டு மட்டும் கீறல் விழுந்து மிஞ்சியது.

பழைய விளையாட்டு ஏன் ஓடாமல் போகிறது?

புத்தகம் பழசானாலும் வாசிக்கலாம். கணினி விளையாட்டு அப்படி அல்ல. அதற்குக் கணினி, இயங்குதளம், திரை எல்லாம் சேர்ந்து வேண்டும். அவை மாறினால் விளையாட்டு ஊமையாகிவிடும்.

1999இல் வந்த இந்த விளையாட்டு 256 நிறங்களை மட்டும் வைத்து வரையப்பட்டது. அப்போதைய கணினிகளுக்கு அது போதும். பின்னாளில் வின்டோஸ் 7 வந்தபோது பலருக்கு அந்த நிறங்கள் குழம்பின. புல்லும் தண்ணீரும் பொருந்தாத நிறங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அதற்கு ரசிகர்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். வின்டோஸின் 'எக்ஸ்புளோரர்' என்ற பகுதியை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் நிறம் சரியாகும்!

இன்னொரு சிக்கல் பூட்டு. இறுவட்டைப் பிரதி எடுக்காமல் தடுக்க அந்தக் காலத்தில் 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகளைப் பல விளையாட்டுகளில் வைத்தார்கள். 2015இல் வந்த வின்டோஸ் 10 பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தப் பூட்டை ஏற்க மறுத்தது. காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய இறுவட்டுகளும் அதனால் ஓடாமல் போயின. திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியது.

இந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது? அமெரிக்காவில் உள்ள 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அது சொன்னது. பத்தில் ஒன்பது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவெளியீடு தரும் நன்மை

முதல் நன்மை இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மறுவெளியீடு செய்தால் விளையாட்டு மறுபடி ஓடும்.

2008இல் போலந்து நாட்டில் 'குட் ஓல்ட் கேம்ஸ்' என்ற இணையக் கடை தொடங்கியது. இன்று அதை 'ஜிஓஜி' என்கிறார்கள். பழைய விளையாட்டுகளைத் தேடி, உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, புதிய கணினியில் ஓடும்படி செய்து, பூட்டு இல்லாமல் விற்பது அவர்கள் வழி. இதற்குப் பின்னால் ரசிகர்களின் உழைப்பும் இருக்கிறது. 'டொஸ்பொக்ஸ்' என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல நடிக்கும். பழைய விளையாட்டு அதை நம்பி ஓடும்.

இரண்டாவது நன்மை, நல்ல மறுவெளியீடு பழசையும் புதுசையும் அருகருகே வைக்கும். 'கமாண்ட் அன்ட் கொங்கர்' விளையாட்டு 1995இல் வந்தது. அதை உருவாக்கிய வெஸ்ட்வூட் நிறுவனம் 2003இல் மூடப்பட்டது. 2020இல் அதன் புதுப்பித்த பதிப்பு வந்தபோது, அந்தப் பழைய குழுவில் இருந்த சிலரே வேலை செய்தார்கள். பழைய இசையமைப்பாளரும் திரும்பி வந்தார். தனியாக விளையாடும்போது ஒரு விசையை அழுத்தினால் புதிய படம் மறைந்து 1995இன் படம் தெரியும். விளையாட்டின் மூலநிரலின் முக்கிய பகுதிகளையும் எல்லோரும் எடுத்துப் படிக்கலாம் என்று வெளியிட்டார்கள்.

மூன்றாவது நன்மையை 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' கதையில் பார்க்கலாம். அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. சிலர் சேர்ந்து 'ஃபொர்கோட்டன் எம்பயர்ஸ்' என்ற பெயரில் புதிய அரசுகளைச் சேர்த்து 2012 கடைசியில் இலவசமாக வெளியிட்டார்கள். 2013இல் மைக்ரோசொஃப்ட் எச்டி பதிப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ரசிகர்களின் வேலையும் அதிகாரபூர்வ இணைப்பாக வந்தது. 2019 நவம்பரில் வந்த 'டெஃபினிடிவ் எடிஷன்' என்ற புதிய பதிப்பிலும் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள் விளையாட்டின் காப்பாளர்கள் ஆனார்கள்.

தமிழ் பேசிய படை

இனி எனக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்.

1999இல் இந்த விளையாட்டில் 13 அரசுகள் இருந்தன. பிரித்தானியர், வைக்கிங், சீனர், ஜப்பானியர், மங்கோலியர், பாரசீகர் எல்லாம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. 2013இல் 'இந்தியர்கள்' என்ற ஓர் அரசு சேர்ந்தது. முழுத் துணைக்கண்டத்துக்கும் அந்த ஒன்றுதான். அவர்கள் பேசியது ஹிந்தி. அவர்கள் பலம் ஒட்டகப்படை. தஞ்சாவூரில் ஒட்டகப்படையா என்று அண்ணா சிரித்தார்.

2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' இணைப்பு அந்த ஒன்றை நான்காகப் பிரித்தது: ஹிந்துஸ்தானிகள், கூர்ஜரர்கள், வங்காளிகள், திராவிடர்கள். திராவிடர்களின் பலம் கடற்படையும் காலாட்படையும். சுருள்வாள் வீசும் வீரர்கள் உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் கதை ஒரு தொடராக உண்டு. முக்கியமாக, அவர்கள் பேசுவது தமிழ்.

நான் அதை முதல்முறை விளையாடியபோது அம்மம்மா அடுத்த அறையில் இருந்தா. வேலையாட்களைச் சொடுக்கச் சொடுக்க அவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள். அம்மம்மா எட்டிப் பார்த்து, "ஆர் பிள்ளை வந்திருக்கினம்?" என்று கேட்டா. கணினிதான் கதைக்கிறது என்று சொன்னேன். அவ நம்பவில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டா.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வேண்டாவெறுப்பாகப் போன எங்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. பழைய இறுவட்டு மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆனால் வரலாற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 'திராவிட' என்ற சொல் பழையதுதான். அதை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியவர் ரொபேட் கால்டுவெல், 1856இல். ஒரு சோழப் படைவீரரிடம் "நீ திராவிடனா?" என்று கேட்டால் நாம் நினைக்கும் பொருள் அவருக்குப் புரிந்திருக்காது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசிய பல அரசுகளை ஒரே பெயரில் கட்டியதால், 2013இன் பிழை சிறிதாகி இன்னும் மிச்சம் இருக்கிறது. நன்றாக அமைந்த இடமும் உண்டு. விளையாட்டில் திராவிடர்களுக்கு 'வூட்ஸ்' உருக்கு என்ற தொழில்நுட்பம் இருக்கிறது. தென்னிந்தியாவில் குகையில், அதாவது மண் மூசையில், இரும்பை உருக்கி எஃகு செய்தது உண்மை. தமிழ்நாட்டின் கொடுமணல் அகழாய்வில் அதற்குச் சான்று கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டான். அவன் படை இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. 1025இல் அவன் கப்பல்கள் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கின. விளையாட்டில் இவை எல்லாம் வெற்றி. தாக்கப்பட்ட ஊரில் இருந்தவர்களுக்கு அவை வேறு ஏதோ. ஊர் தாக்கப்பட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அதை நாங்கள் மறக்கக்கூடாது.

மறுவெளியீடு செய்யும் தீமை

இப்போது மறுபக்கம்.

முதல் தீமை, புதுசு வந்ததும் பழசை மறைத்துவிடுவது. 'வோர்கிராஃப்ட் 3' 2002இல் வந்த புகழ்பெற்ற விளையாட்டு. ரசிகர்கள் அதன் தொகுப்பியில் செய்த ஒரு வரைபடத்திலிருந்துதான் 'டோட்டா' பிறந்தது. 2020 ஜனவரியில் அதன் புதுப்பித்த பதிப்பு 'ரீஃபோர்ஜ்ட்' வந்தது. வெளியான நாளில் பழையதில் இருந்த தரவரிசைப் போட்டி, குழுக்கள் போன்றவை அதில் இல்லை. புதியதை வாங்காமல் பழையதையே இணையத்தில் விளையாடி வந்தவர்களின் கணினியிலும் பழைய மென்பொருளின் இடத்தைப் புதியது பிடித்தது. இனி ரசிகர்கள் செய்யும் வரைபடங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதியும் வந்தது. கோபம் பெரிதானதும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2021இல் 'ஜிடிஏ' வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகள் ஒன்றாக மறுவெளியீடு ஆயின. (அவை பெரியவர்களுக்கானவை. இங்கே வரலாற்றுக்காக மட்டும் சொல்கிறேன்!) புதியது வருவதற்கு முன்பே பழையவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியது பிழைகளோடு வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் மீண்டும் வைக்க ஒப்புக்கொண்டது.

இரண்டாவது தீமை, உள்ளே இருந்தவை காணாமல் போவது. பழைய விளையாட்டில் வானொலியில் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டின் உரிமம் சில ஆண்டுகளுக்குத்தான் வாங்கப்பட்டிருக்கும். காலம் முடிந்ததும் பாட்டை எடுத்துவிடுவார்கள். 'ஜிடிஏ' விளையாட்டுகளில் இது நடந்தது. கதை அதே கதை, ஆனால் அந்தக் காலத்தின் ஓசை போய்விடும்.

மூன்றாவது, மூலநிரல் தொலைந்துபோவது. 2002இல் வந்த 'ஐஸ்விண்ட் டேல் 2' விளையாட்டைப் புதுப்பிக்க விரும்பிய நிறுவனத்தால் அதன் மூலநிரலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1997இன் 'பிளேட் ரன்னர்' விளையாட்டின் மூலநிரலும் அப்படியே தொலைந்தது. 2022இல் வந்த அதன் புதுப்பித்த பதிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்கள் பல ஆண்டு உழைத்து ஓட வைத்திருந்த பழைய பதிப்பே மேல் என்றார்கள். கடையும் பழையதைத் தனியாக விற்க மறுபடி வைத்தது.

நான்காவது தீமை உங்கள் சட்டைப்பையைத் தொடும். இணையத்தில் நீங்கள் 'வாங்கும்' விளையாட்டு பெரும்பாலும் உங்களுடையது அல்ல. விளையாடுவதற்கான உரிமம் மட்டும்தான் உங்களுக்கு. நான் ஒருமுறை ஒரு சிறிய இணையக் கடையில் விளையாட்டு ஒன்று வாங்கினேன். இரண்டு ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. என் விளையாட்டும் போய்விட்டது. யாரிடம் கேட்பது? 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமத்தை மட்டும் விற்கும் இணையக் கடை அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்றாலும், சொல்லாமல் பறிப்பதைவிட அது பரவாயில்லை.

ஏடும் அச்சும்

தமிழருக்கு இந்தப் பிரச்சினை புதிது இல்லை.

எங்கள் பழைய நூல்கள் பனையோலையில் இருந்தன. ஓலை காலத்தால் சிதையும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் புது ஓலையில் எழுதிப் பிரதி எடுத்தது. அதுவும் மறுவெளியீடுதான். எடுக்கும்போது எழுத்து மாறும், வரி விடுபடும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடி அலைந்து அச்சிட்டார்கள். 1887இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டார்கள்.

சாமிநாதையரின் பதிப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்ற ஏட்டில் வேறு சொல்லும் இருந்தால், ஒன்றை நூலில் வைத்து மற்றதைப் 'பாடபேதம்' என்று குறித்துவிடுவார். தனக்குப் பிடிக்காததை அழித்துவிடவில்லை. பின்னால் வருபவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டார்.

நல்ல மறுவெளியீட்டுக்கு என் அளவுகோல் இதுதான். படத்தை அழகாக்கு, பிழையைத் திருத்து, தமிழைச் சேர். ஆனால் பழைய ஏட்டை எரிக்காதே. 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' இதில் பாதிதான் தேறும். 2019 பதிப்பு வந்த பிறகும் 2013 பதிப்பை அதன் ஆண்டைப் பெயரோடு சேர்த்துத் தனியாக வைத்திருந்தார்கள். அது நல்லது. ஆனால் புதிய பதிப்புக்குள் ஒட்டகத்தோடு வந்த பழைய 'இந்தியர்கள்' இப்போது இல்லை. அது பிழையான வரலாறுதான். இருந்தாலும், 2013இல் உலகம் எங்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வாங்கும் முன் நான்கு கேள்வி

மறுவெளியீடு ஒன்றை வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள். பழைய பதிப்பும் அதோடு கிடைக்கிறதா? இணையம் இல்லாமல் ஓடுமா? நிறுவும் கோப்பை என் கணினியில் சேமித்து வைக்கலாமா? ஏற்கெனவே வாங்கியவர்கள் எதைக் காணவில்லை என்று சொல்கிறார்கள்? நான்குக்கும் நல்ல பதில் கிடைப்பது அரிது. இரண்டுக்காவது கிடைத்தால் யோசிக்கலாம்.

வீட்டில் பழைய இறுவட்டு, பெட்டி, கையேடு இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். நீங்கள் செய்த வரைபடங்களையும் கோப்புகளையும் வேறு ஓர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நிறுவனம் விளையாட்டைத் திருப்பித் தரலாம். அதற்குள் நீங்கள் செய்ததை எவராலும் திருப்பித் தர முடியாது.

தம்பி கடைசியில் வாங்கினான். அண்ணா இப்போது எட்மன்டனில் இருக்கிறார், அவருக்கே இரண்டு பிள்ளைகள். நான் அவரையும் வாங்க வைத்தேன். போன ஞாயிறு மூவரும் இணையத்தில் சேர்ந்தோம். ஒரு மணிநேரம் விளையாடிவிட்டு, அண்ணா வரைபடத் தொகுப்பியைத் திறந்து தன் திரையை எங்களுக்குக் காட்டினார். தொலைந்த அந்த ஊரை மறுபடி செய்யத் தொடங்கினார். கடல்நீரேரி வந்தது. தெரு வந்தது. கிணறு கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்பதில் நின்றுவிட்டார்.

"அம்மம்மாவைக் கூப்பிடு" என்றார்.

அம்மம்மா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தா. "கிணறு கிழக்கால. ஆனா இந்த ஒழுங்கை பிழை. இது ஞானவைரவர் கோயிலடிக்குப் போறதெல்லோ" என்றா. தம்பி ஒழுங்கையை அழித்துப் புதிதாகப் போடச் சொன்னான். அண்ணா அழிக்கவில்லை. முதலில் அதை ஒரு கோப்பாகச் சேமித்தார். பிறகு வேறு பெயரில் இன்னொரு பிரதி எடுத்து, அதில் திருத்தினார்.